பத்துமணி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஒரே ஒரு சொல்லால் கெட்டேன்.

பெரிய மருத்துவமனையிலிருந்து சனிக்கிழமை ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, வியாழக்கிழமை நான் நிரப்பிக் கொண்டுபோக வேண்டிய படிவம். இன்னொன்று, எங்கள் தெரு டாக்டர் அங்கிருக்கும் மூட்டு நோய் நிபுணருக்கு எழுதிய கடிதத்தின் நகல். அதில் மூன்றாவது வரியைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'தற்போது பரவாயில்லை என்று நோயாளியே கூறுகிறார்.'

கூறினேன்தான். யார் இல்லை என்றார்கள்? நான்கு மாதத்துக்கு முன்னால், மாலை ஐந்து மணிக்கு, அவர் கணினியைப் பார்த்தபடியே "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "பரவாயில்ல டாக்டர்" என்றேன். கழுத்தை அறுத்தால்கூட நம் ஆட்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பிறகுதான் ரத்தம் வருவதைப் பற்றிப் பேச்சு. அவருக்கோ அந்த முதல் சொல்லே போதுமாக இருந்தது. மாலையில் என் விரல்களில் வீக்கமும் வடிந்திருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே காரணத்துக்காகத்தான் நிபுணருக்குக் கடிதம் எழுதினார். அதையும் இப்படி எழுதியிருக்கிறார்.

"விடும்மா, நேர்ல போய் சொல்லிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சுவரில் மோதப் போனாலும் குரலை உயர்த்தாத மனிதர். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல்.

"என்னன்னு சொல்றது? சாயங்காலம் மூணு நாப்பதுக்கு நேரம் குடுத்திருக்காங்க. அந்த நேரத்துக்கு என் கை நல்ல பிள்ளையா உக்காந்திருக்கும். காலைல ஆடற ஆட்டம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் கை என்ன ஆட்டம் ஆடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பின்னறையில் வேலை செய்கிறேன். கண்ணாடி வில்லையின் ஓரத்தைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, காதில் மாட்டும் காலைத் திருகாணியால் முடுக்குவது என் வேலை. அங்கே போடும் திருகாணி கடுகில் பாதி இருக்கும். இடுக்கியால் எடுத்து, துளையில் நிறுத்தி, விரல் நுனியால் திருப்புளியை உருட்ட வேண்டும். பத்தொன்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. போன வருடக் கடைசியிலிருந்து, காலையில் விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. மடங்கினால் நிமிர மாட்டேன் என்கின்றன. விரல் முட்டிகள் சூடாக, வழுவழுவென்று வீங்கி இருக்கும். பல் துலக்குவதற்கே உள்ளங்கை இரண்டும் சேர்ந்து பிரஷ்ஷைப் பிடிக்க வேண்டும். கடையில் முதல் அரை மணி நேரம் நான் மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். அந்த மேசையைப் போலச் சுத்தமான மேசை ஊரிலேயே கிடையாது.

முதலாளி மோசமானவர் இல்லை. ஆனால் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் தெரியாமல் இருக்குமா? "ஸ்பெஷலிஸ்ட் என்ன சொல்றாங்கன்னு பாருங்க. நோய்னு எழுதிக் குடுத்தா அதுக்குத் தகுந்த மாதிரி நேரத்த மாத்திக்கலாம். ஒண்ணும் இல்லைன்னா முன்னாடி கவுன்டர்ல நின்னுடுங்க" என்று சொல்லிவிட்டார். கவுன்டரில் நின்று, ஒரே சட்டத்தை நாற்பது தடவை போட்டுப் பார்ப்பவர்களிடம் "உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதைவிடப் பெரிய பயம் வேறு. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டைத் தாக்குகிற நோயாக இருக்கலாம் என்று தெரு டாக்டரே சந்தேகப்பட்டார். வேலியே பயிரை மேய்கிற கதை. மேய்ந்த மூட்டு திரும்ப வராது, சீக்கிரம் மருந்து தொடங்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். வியாழக்கிழமை நிபுணரும் 'பரவாயில்லை' என்று திருப்பி அனுப்பினால், அடுத்த முறை பார்க்க ஒன்பது மாதம் ஆகும். ஒன்பது மாதத்தில் என் விரலில் என்ன மிச்சம் இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை தொடங்கியது. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் பழைய கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு டாக்டரானார்.

"வாங்க. எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல டாக்டர்."

"இன்ஜின் நின்னுபோச்சு. மறுபடியும் ஸ்டார்ட் பண்ணு."

ஐந்து தடவை கேட்டார். மூன்று தடவை அந்தச் சனியன் பிடித்த சொல்தான் வந்தது. நான்காவது தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஐந்தாவது தடவை "இருக்கேன்" என்றேன். மோசமாக இருக்கிறேன் என்று ஒரு மனுஷி எப்படி வாயைத் திறந்து சொல்வாள்? அப்படி யாராவது சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுந்து அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். உட்கார முடியவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டியவற்றின் பட்டியலை எடுத்தேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். வலி என்று எழுதலாமா, குடைச்சலா, கடுப்பா? முட்டியில் இருப்பது எரிச்சல், மணிக்கட்டில் இருப்பது குடைச்சல், மாலையில் மிஞ்சுவது வெறும் உளைச்சல். எல்லாவற்றையும் எழுதினால் பைத்தியம் என்று நினைப்பார்கள். ஒன்றை மட்டும் எழுதினால் தைலம் தேய்க்கச் சொல்வார்கள்.

"ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தற? படிவத்த எடு. நான் எழுதறேன்" என்றார்.

படிவத்தின் ஏழாவது கேள்வி: 'காலையில் மூட்டுகள் இறுகி இருக்கின்றனவா? எத்தனை மணி வரை?' அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டு வாரமாகக் குறித்து வருகிறேன். பைக்குள் ஒரு பழைய சட்டமும் திருப்புளியும் ஒரு திருகாணியும் வைத்திருக்கிறேன். எழுந்ததிலிருந்து கால் மணிக்கு ஒரு முறை அதைப் போட்டுப் பார்ப்பேன். வேலை நாளில், முதலாளி முதுகைத் திருப்பும்போது. திருகாணி முழுதாக ஏறுகிற நேரம்தான் என் கை திறந்த நேரம். அதை நோட்டில் எழுதிவிடுவேன்.

வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டி உரக்கப் படித்தார். "ஒம்போது அம்பது. பத்து அஞ்சு. பத்து. பத்து பத்து. ஒம்போது அம்பத்தஞ்சு. பத்து..." நிறுத்திச் சிரித்தார். "என்னம்மா இது, நோட்டு முழுக்க உங்க அக்கா பேரையே எழுதி வச்சிருக்க?"

நானும் சிரித்தேன். ஒரு நொடிதான். பிறகு நோட்டை வாங்கி நானே மறுபடி படித்தேன்.

என் அக்காவுக்கு வீட்டில் பத்துமணி என்று பெயர். வைத்தவள் நான். அப்போது அவளுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினான்கு. இருவருக்கும் ஒரே அறை. அதற்கு முன்பெல்லாம் எனக்கு முன்னால் எழுந்துகொண்டிருந்தவள், திடீரென்று காலையில் எழுந்திருக்க மாட்டாள். எழுந்தாலும் ஒரு வேலை ஓடாது. எனக்குத் தலை பின்னிவிட உட்காருவாள். சீப்பு நழுவி விழும். சீப்பு சரியில்லை என்பாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அம்மா சொல்வாள். ஒருநாள் பால் பாத்திரத்தைக் கீழே போட்டாள். பத்து மணிக்குப் பிறகு பார்த்தால், இவளா அவள் என்று இருக்கும். எங்கள் ஜன்னலில் ஒரு தொட்டியில் பத்துமணிப் பூ இருந்தது. அது பத்து மணிக்குத்தான் மலரும். நான் அந்தத் தொட்டியைக் காட்டி, "இதோ அக்காவோட தங்கச்சி" என்றேன். வீடே சிரித்தது. அன்றிலிருந்து பத்துமணி. அவள் கல்யாணத்தில் மாமாவிடமும் சொல்லிக்கொடுத்தேன். "மாமா, பத்து மணிக்கு முன்னாடி இவகிட்ட ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க." அவர் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய வீட்டார் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"பதினொண்ணாவது கேள்வி என்ன?" என்று கேட்டேன்.

அவர் படித்தார். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தத் தொந்தரவு உண்டா?"

அக்காவுக்குப் போன் செய்தேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணம், சாவு, பிறந்தநாள் என்றால் பேசிக்கொள்வோம். இது எதுவுமில்லாமல் கூப்பிட்டதால் "யாருக்கு என்ன?" என்றுதான் எடுத்ததும் கேட்டாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கை சரியில்ல. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறேன்."

"கையா?" என்றாள். "காலைலயா?"

நான் காலை என்று சொல்லவே இல்லை.

"அக்கா, உன் கை எப்படி இருக்கு?"

"பரவாயில்லடி" என்றாள். அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று வைத்துவிட்டாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இரண்டிரண்டு தடவை கூப்பிட்டேன். எல்லாத் தடவையும் அதே பதில். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பத்து மணிக்கு முன்னால் அவள் கையைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வியாழக்கிழமை காலை, எல்லாத் தாளையும் பையில் போட்டுக்கொண்டு, ஆறரை மணி பேருந்தைப் பிடித்தேன். கம்பியை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கையை வளைத்து மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைக் குடிகாரி என்று நினைத்திருப்பார்.

அக்கா வீடு நான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. மாமா அதிகாலை ஐந்துக்கே காவல் வேலைக்குப் போய்விடுவார். அவர் இழுத்துச் சாத்தினால் கதவு தானே பூட்டிக்கொள்ளும். மணியை முழங்கையால் அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடியும் அழுத்தினேன். "அக்கா, நான்தான். நீ முழிச்சிருக்கறது எனக்குத் தெரியும். வானொலி சத்தம் கேக்குது."

வானொலி நின்றது. செருப்பு தேய்கிற சத்தம் கதவு வரை வந்தது. உள்பக்கம் கைப்பிடியில் ஏதோ உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

"பத்து மணிக்கு வாயேண்டி" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"பஸ்ல நின்னுக்கிட்டு வந்திருக்கேன். தொற."

"முடியல."

"என்ன முடியல?"

"இந்தக் கைப்பிடி உருண்டையா இருக்கு. காலைல எனக்குத் திரும்பாது. யார் வந்தாலும் தொறக்க மாட்டேன். தூங்கறான்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க." கொஞ்சம் கழித்து, "இரு, சாவியத் தள்றேன்" என்றாள்.

கதவின் அடியில் சாவி வந்தது. தரையில் தட்டையாகக் கிடந்த அதை என்னால் எடுக்க முடியவில்லை. நகத்தால் கிள்ளப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் படிவத்தை அடியில் செருகி, தாளோடு தூக்கினேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சாவியை வைத்து, பூட்டுக்குள் நுழைத்து, தோளிலிருந்து திருப்பினேன். இரண்டு முறை நழுவி விழுந்தது. உள்ளே அவள், வெளியே நான், நடுவில் ஒரு மரக்கதவு. "எடுத்தியா?" என்று அவள் கேட்க, "விழுந்துடுச்சு" என்று நான் சொல்ல, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கதவு திறந்ததும் சிரிப்பு போய்விட்டது.

அவள் எப்போதும் போர்த்தியிருக்கும் சால்வை இல்லை. கல்யாண வீடுகளில் அந்தச் சால்வையைப் பார்த்து, "மகாராணிக்குக் குளிருதோ?" என்று நானே கேட்டிருக்கிறேன். இப்போது கைகள் வெளியே இருந்தன. முட்டிகள் புடைத்து, விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. கண்ணாடிச் சட்டத்தில் ஒரு நூலளவு கோணல் இருந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். என் அக்காவின் பத்து விரல்களும் கோணியிருந்ததை நான் இத்தனை வருடமாகப் பார்க்கவில்லை.

அடுப்படிக்குள் போனேன். எந்த டப்பாவும் மூடப்படவில்லை. மூடிகள் மேலே சும்மா வைக்கப்பட்டிருந்தன. கரண்டிக் காம்புகளில் துணி சுற்றியிருந்தது. குழாயில் ஒரு நீளமான மரக்கட்டையைக் கட்டி, முழங்கையால் தட்டித் திறக்க வைத்திருந்தாள். காலைத் தேநீர் முந்தைய இரவே போட்டு, இரண்டு கையாலும் ஏந்துகிற ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தாள். ஆறிப்போன தேநீர். சோம்பேறி செய்கிற வேலையா இது? ஒரு சோம்பேறி தன் வீட்டை இத்தனை யோசித்து, இத்தனை உழைத்து அமைப்பாளா?

"ஏன்க்கா டாக்டர்கிட்ட போகல?" என்று கத்தினேன். கோபத்தில் குரல் உடைந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லிட்டுப் போறது? சோம்பேறித்தனத்துக்கு எந்த டாக்டர் மருந்து குடுப்பாரு?"

"அக்கா..."

"நீங்க எல்லாரும் சொன்னீங்களேடி. நானும் அப்படித்தான் நெனச்சேன். மத்தவங்களுக்கும் காலைல இப்படித்தான் இருக்கும், அவங்க பொறுத்துக்கிட்டு எழுந்து வேலை செய்யறாங்க, நமக்குத்தான் அந்த மனசு இல்லன்னு."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. கண்ணைத் துடைக்க விரல் வளையாததால் புறங்கையால் தேய்த்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்து, "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அதனால்தான் இன்னும் வலித்தது.

பத்து மணி வரைக்கும் இருவரும் ஆறிய தேநீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பையிலிருந்து சட்டத்தையும் திருப்புளியையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். பத்து அடித்து ஏழு நிமிடத்தில் என் திருகாணி ஏறியது. அக்கா ஒரு சின்னச் சிமிழின் மூடியைப் பாதி திருகிக் காட்டினாள். "எனக்கு இவ்வளவுதான்" என்றாள்.

"கெளம்பு" என்றேன்.

"உனக்குக் குடுத்த நேரத்துல நான் எதுக்குடி?"

"பதினொண்ணாவது கேள்விக்கு."

மருத்துவமனை வராண்டாவில் வரிசையாக நீல நாற்காலிகள். வீட்டுக்காரர் கடைசிப் பாடத்தை முடித்துவிட்டு நேராக வந்து, அவர் தினமும் காலையில் எடுத்த என் கையின் படங்களை உறையில் கொடுத்தார். எல்லாப் படத்திலும் அவருடைய கட்டைவிரலும் இருந்தது. "ஆரோக்கியமான விரல் எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பார்க்க" என்றார். அக்கா சிரித்தாள். நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். என் கைகள் எதிர்பார்த்தபடியே நல்ல பிள்ளைகளாக இருந்தன. அவற்றைப் பிடித்து நான்கு அறை அறையலாம் போலிருந்தது.

டாக்டர் ஒரு பெண்மணி. முந்தைய நோயாளியின் தாளில் எழுதிக்கொண்டே, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

"மோசமா இருக்கேன், டாக்டர்."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நோட்டைக் கொடுத்தேன், படங்களைக் கொடுத்தேன், திருகாணிக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் முட்டிகளை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் அழுத்தினார். மாலை வேளையிலும் மூன்று இடத்தில் நான் துள்ளினேன். "ரத்தத்துல தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. உள்ள வீக்கம் இருக்கு. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடுவோம், மருந்து தள்ளிப்போட வேணாம்" என்றார். எனக்கு நான்கு மாத மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. "குடும்பத்துல வேற யாருக்காவது?"

"இவங்க என் அக்கா."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல டாக்டர்" என்றாள் அக்கா.

"அத எழுதிடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். அக்காவின் சால்வையை விலக்கினேன். டாக்டர் அவள் கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"காலைல எத்தனை மணி வரைக்கும் இப்படி இறுகியிருக்கும்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"அத இவகிட்ட கேளுங்க டாக்டர். எனக்குப் பேர் வச்சதே இவதான்."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். எத்தனை கல்யாணத்தில், எத்தனை கூட்டத்தில் நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன பெயர்.

"பத்து மணி" என்றேன். "பத்தொம்பது வயசுலேர்ந்து."

அவர் அதை எழுதினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா கோணிய விரல்களால் என் முழங்காலைத் தட்டி, "பரவாயில்லடி" என்றாள்.

அதை டாக்டர் எழுதிக்கொள்ளவில்லை.